கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு ஆஃப் ஆகுதா? ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

போன வருஷம் மே மாசம் எங்க சித்தி போன் பண்ணி, "டேய், கம்ப்யூட்டர் பாதியிலயே செத்து செத்து போகுதுடா, உன் தங்கச்சி ஆன்லைன் டெஸ்ட் எழுதிட்டு இருக்கும்போதே ரெண்டு தடவ போயிடுச்சு"ன்னாங்க. அதுக்கு முன்னாடியே பக்கத்துல ஒரு கடையில குடுத்திருக்காங்க, அவங்க வைரஸ்னு சொல்லி ஃபார்மட் பண்ணி ஆன்டிவைரஸ் போட்டு காசு வாங்கிட்டு அனுப்பிட்டாங்க, வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கூட ஆகல, மறுபடியும் ஆஃப். உள்ள இருந்த போட்டோ எல்லாம் போனதுதான் மிச்சம்.

இந்த மாதிரி பிரச்சனையில நிறைய பேர் பண்ற தப்பு இதுதான், நேரா ஃபார்மட், இல்லன்னா நேரா புது எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள்ள எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் குடுக்குற பவர் சப்ளை டப்பா). ரெண்டுமே வேண்டாம். கம்ப்யூட்டர் எப்ப ஆஃப் ஆகுது, எப்படி ஆஃப் ஆகுதுங்கிறதுலயே பாதி பதில் இருக்கு, அதை கவனிச்சுட்டு செலவில்லாத வேலையில இருந்து ஆரம்பிச்சு செலவு இருக்குற பக்கம் போவோம். நான் சொல்றது டேபிள்ல வெக்கிற டெஸ்க்டாப்புக்கு, லேப்டாப் கதை கொஞ்சம் வேற.

ஸ்டெப் 1: மூணு நாள் நோட் பண்ணுங்க

ஒரு பேப்பரை மானிட்டர் மேலயே ஒட்டி வெச்சிருங்க. ஒவ்வொரு தடவ ஆஃப் ஆகும்போதும் மணி என்ன, ஆன் பண்ணி எவ்வளவு நேரம் ஆச்சு, என்ன பண்ணிட்டு இருந்தீங்க, வீட்ல வேற எது ஓடிட்டு இருந்துச்சுன்னு நாலே நாலு விஷயம் எழுதுங்க. சிரிக்காதீங்க, எங்க மாமா வீட்ல இந்த பேப்பரை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம், எழுதுன அஞ்சு தடவையில நாலு தடவ காலையில ஆறரை மணி, அவங்க வீட்ல தண்ணி மோட்டார் போடுற நேரம்!

கூடவே எப்படி ஆஃப் ஆகுதுன்னும் பாருங்க. பட்டுனு கரண்ட் போன மாதிரி கேபினட்ல இருக்குற லைட், ஃபேன் எல்லாம் ஒரே அடியா நின்னா கரண்ட், எஸ்எம்பிஎஸ், இல்ல சூடு. தானா மறுபடி ரீஸ்டார்ட் ஆகி வந்தா ரேம், டிரைவர், இல்ல விண்டோஸ் பக்கம் சந்தேகப்படணும், ஆனா எஸ்எம்பிஎஸ்ஸும் சில சமயம் இப்படி பண்ணும். ஸ்கிரீன் மட்டும் கருப்பாகி உள்ள ஃபேன் ஓடிட்டே இருந்தா அது ஆஃப்பே இல்ல, மானிட்டர் கேபிளோ கிராஃபிக்ஸ் கார்டோ, சும்மா ஸ்லீப் மோடுக்கு போறதை ஆஃப் ஆயிடுச்சுன்னு சொன்னவங்களும் இருக்காங்க. அப்புறம் "ஷட்டிங் டவுன்"னு எழுத்து காட்டிட்டு ஒழுங்கா அணைஞ்சா அது விண்டோஸே பண்றது, பெரும்பாலும் அப்டேட்.

ஸ்டெப் 2: சுவத்துல இருந்து சிபியூ வரைக்கும்

கேபினட்டை திறக்காமலே முடியுற வேலை இது. சிபியூ பின்னாடி போற பவர் கார்டை கழட்டி திரும்ப நல்லா அழுத்தி மாட்டுங்க, நிறைய கேபினட் சுவத்தோட ஒட்டி இருக்கறதால கார்டு வளைஞ்சு லேசா வெளிய வந்திருக்கும், காலு பட்டா போதும், ஆஃப். பிளக் பாயின்ட்ல மாட்டும்போது தொளதொளன்னு ஆடுதா, கருகுன வாசனை வருதா, பிளக் தலை கை வெச்சா சூடா இருக்கான்னு பாருங்க, அப்படி இருந்தா எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு பாயின்ட்டை மாத்திட்டுத்தான் மத்த வேலை. மூணு பின் கார்டை ரெண்டு பின் கன்வெர்ட்டர் போட்டு மாட்டியிருந்தா உடனே எடுத்துடுங்க, எர்த் இல்லாம ஓட்டுறது கேபினட்டை தொட்டா சுள்ளுனு அடிக்கிறதுக்கு நாமளே வழி பண்ணி வெக்கிற மாதிரி.

அடுத்து யுபிஎஸ். இதுதான் நம்ம ஊர்ல பெரிய திருடன். வீட்டுக்கு வாங்குற 600 விஏ யுபிஎஸ்ல 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒண்ணு இருக்கும், அது ரெண்டு மூணு வருஷத்துல தளர்ந்துடும், ஆனா வெளிய பச்சை லைட் அழகா எரிஞ்சிட்டே இருக்கும். கரண்ட் ஒரு செகண்ட் கண்ணு சிமிட்டுனாலோ, மோட்டார், மிக்ஸி, பழைய ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகி வோல்டேஜ் இறங்கினாலோ யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும், அங்க ஒண்ணும் இல்ல, மொத்தமும் படுத்துடும். வீட்ல லைட்டும் ஃபேனும் எப்பவும் போல ஓடிட்டு இருக்கறதால நமக்கு கரண்ட் மேல சந்தேகமே வராது. மாமா வீட்ல நடந்தது இதேதான்.

டெஸ்ட் பண்றது சுலபம். கம்ப்யூட்டரை கழட்டிட்டு யுபிஎஸ்ல ஒரு 60 வாட் குண்டு பல்பையோ இல்ல டேபிள் ஃபேனையோ மாட்டி, சுவர் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. அஞ்சு பத்து நிமிஷம் தாங்குனா ஓகே, உடனே கீச்சுனு கத்திட்டு நின்னா பேட்டரி காலி. பேட்டரி மட்டும் தனியா கிடைக்கும், யுபிஎஸ்ஸையே தூக்கிப் போட வேண்டாம். இன்னொரு டெஸ்ட், ரெண்டு நாளைக்கு யுபிஎஸ் இல்லாம சிபியூவை நேரா சுவர் பாயின்ட்ல மாட்டி ஓட்டிப் பாருங்க, பிரச்சனை நின்னா திருடன் சிக்கிட்டான். யுபிஎஸ்ல லேசர் பிரின்டர் மாட்டியிருந்தா அதையும் எடுத்துடுங்க, அது பிரின்ட் எடுக்க சூடாகுறப்ப இழுக்குற கரண்டை சின்ன யுபிஎஸ் தாங்காது.

வீட்டுக்கே இன்வெர்ட்டர் போட்டிருக்கவங்க அதோட பின்பக்கம் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுத்துக்கு 20 மில்லிசெகண்ட், ஒரு எஸ்எம்பிஎஸ் ஃபுல் லோடுல கரண்ட் இல்லாம தாங்குறது ஏறக்குறைய 16, 17 மில்லிசெகண்ட்தான். நார்மல் மோடுல இன்வெர்ட்டர் மாற எடுத்துக்குற நேரம் இதைவிட அதிகம், அதனால டிவி, லைட் எல்லாம் சமாளிச்சுடும், கம்ப்யூட்டர் மட்டும் போயிடும். சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளுனா முடிஞ்சுது.

ஸ்டெப் 3: பயாஸ்ல உட்கார வைங்க

எனக்கு ரொம்ப பிடிச்ச டெஸ்ட் இது, பைசா செலவில்ல. கம்ப்யூட்டரை ஆன் பண்ண உடனே டெலீட் கீயையோ எஃப்2 கீயையோ தட்டிட்டே இருந்தா பயாஸ், அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி மதர்போர்டுலயே இருக்குற செட்டிங்ஸ் ஸ்கிரீன், திறக்கும். அப்படியே விட்டுட்டு போய் டீ குடிச்சுட்டு வாங்க, ஒரு மணி நேரம் இருக்கட்டும். அங்க விண்டோஸ் கிடையாது, வைரஸ் கிடையாது, டிரைவர் கிடையாது. அங்கேயும் ஆஃப் ஆனா பிரச்சனை நூத்துக்கு நூறு ஹார்டுவேர் பக்கம்தான், கடைக்காரர் ஃபார்மட்னு வாயெடுத்தா இதை சொல்லுங்க.

அங்க ஆஃப் ஆகலன்னா ஹார்டுவேர் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, பயாஸ்ல பெருசா லோடு இல்ல, கேம் ஆடும்போது மட்டும் வர்ற கோளாறு அங்க தெரியாது. பயாஸ்ல ஹார்டுவேர் மானிட்டர்னு ஒரு பக்கம் இருக்கும், பிராசஸர் சூடு (அங்க சிபியூன்னு போட்டிருக்கும்) அதுல தெரியும், அதையும் குறிச்சுக்கங்க.

ஸ்டெப் 4: விண்டோஸ் என்ன எழுதி வெச்சிருக்குன்னு படிங்க

ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணா வர்ற லிஸ்ட்ல ஈவென்ட் வியூவர் இருக்கும். அதுல விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம். சிவப்பு மார்க் நிறைய இருக்கும், பயப்படாதீங்க, நல்லா ஓடுற கம்ப்யூட்டர்லயும் இருக்கும். நமக்கு வேண்டியது உங்க பேப்பர்ல எழுதுன நேரத்துக்கு பக்கத்துல இருக்குற மூணு நம்பர் மட்டும்.

41, கெர்னல் பவர்னு இருக்கும், ஒழுங்கா ஷட் டவுன் ஆகாம கம்ப்யூட்டர் திரும்ப வந்திருக்குன்னு அர்த்தம், 6008-ம் கிட்டத்தட்ட அதேதான். பலபேர் 41-ஐ பார்த்துட்டு அதுதான் வியாதின்னு நெனச்சு அதுக்கு மருந்து தேடுறாங்க, அது வியாதி இல்லங்க, செத்த பிறகு எழுதுன ரிப்போர்ட் மட்டும்தான். அந்த 41-ஐ திறந்து டீடெய்ல்ஸ் போய் பக்செக் கோடுன்னு ஒரு வரி பாருங்க, அங்க 0 இருந்தா விண்டோஸுக்கே தெரியாம கரண்ட் போயிருக்குன்னு பெரும்பாலும் எடுத்துக்கலாம், ஸ்டெப் 2, 5, 6 உங்களுக்குத்தான். 0 இல்லாம வேற நம்பர் இருந்தா அது நீல ஸ்கிரீன் வந்து விழுந்தது, 159 டிரைவர் தகராறு, 292 ஹார்டுவேர் எரர், 26 மெமரி சம்பந்தப்பட்டது.

1074 இருந்தா எந்த புரோகிராம் ரீஸ்டார்ட் பண்ணுச்சுன்னு பேரோட போட்டிருக்கும், அப்டேட்னா செட்டிங்ஸ்ல ஆக்டிவ் ஹவர்ஸ் மாத்தி வெச்சுட்டு நிம்மதியா இருங்க. நீல ஸ்கிரீன் படிக்கிறதுக்குள்ள மறைஞ்சு போகுதுன்னா, அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி திறந்து ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் டிக்கை எடுத்துடுங்க, அடுத்த தடவ போட்டோ எடுக்க நேரம் கிடைக்கும்.

ஸ்டெப் 5: சூடு

சித்தி வீட்டு கதை இங்கதான் வருது. ஆன் பண்ணி இருபது நிமிஷத்துல ஆஃப் ஆச்சு, உடனே திரும்ப ஆன் பண்ணா அஞ்சு நிமிஷம்கூட நிக்கல, ஒரு மணி நேரம் ஆற விட்டா மறுபடி இருபது நிமிஷம் ஓடுச்சு. இந்த மாதிரி இடைவெளி குறைஞ்சுட்டே வந்தா கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம், சூடு.

கேபினட்டை திறந்து பார்த்தா ஃபேன் ஜோரா சுத்துது, தூசி இருக்கு ஆனா மோசம் இல்ல. எனக்கே குழப்பம். அப்புறம் ஹீட் சிங்க்கை, அதாவது பிராசஸர் மேல உட்கார்ந்து அதோட சூட்டை இழுக்குற உலோக தகடு அடுக்கை, விரலால லேசா தொட்டேன், ஒரு பக்கம் ஆடுச்சு. இன்டெல் பிராசஸரோட பாக்ஸ்ல வர்ற வட்டமான கூலருக்கு நாலு பிளாஸ்டிக் காலு இருக்கும்ல, அதுல ஒரு காலோட நுனி உடைஞ்சு போர்டு ஓட்டையில இருந்து மேல வந்திருக்கு. அந்த பக்கம் பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி, சூட்டை கடத்துறதுக்காக நடுவுல தடவுற பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி உதிருது. கீழ பிராசஸர் கொதிக்குது, மேல ஹீட் சிங்க் ஜில்லுனு இருக்கு. பிரச்சனை அவ்வளவுதான். ஒரு செட் காலும் ஒரு சின்ன பேஸ்ட்டும் வாங்கி மாட்டுனதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஆஃப் ஆகல.

நீங்க முதல்ல சூட்டை அளந்து பாருங்க. கோர் டெம்ப், எச்டபிள்யூ மானிட்டர் மாதிரி இலவச சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டு சும்மா இருக்கும்போது எவ்வளவு, யூடியூப்போ கேமோ ஓடும்போது எவ்வளவுன்னு பாருங்க. நம்ம ஊர் வெயில்ல சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி சகஜம், லோடுல 80 வரைக்கும் கவலைப்பட வேண்டாம். நிறைய இன்டெல் பிராசஸருக்கு எல்லை 100 டிகிரி, ஏஎம்டி ரைசன்ல மாடலை பொறுத்து 90, 95. அந்த எல்லையை தொட்டா பிராசஸர் முதல்ல தன் வேகத்தை குறைச்சு பார்க்கும், அப்பவும் ஏறிட்டே போனா தன்னை காப்பாத்திக்க பட்டுனு கரண்ட்டை வெட்டிக்கும். அதனால ஆஃப் ஆகுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் மந்தமாச்சான்னு யோசிச்சு பாருங்க, ஆன் பண்ணும்போது சிபியூ ஓவர் டெம்பரேச்சர்னு ஒரு வரி வந்தா இன்னும் சுத்தம், அதுவே ஒத்துக்குச்சு.

சுத்தம் பண்றப்ப பவர் கார்டை கழட்டிட்டு, ஆன் பட்டனை அஞ்சு பத்து செகண்ட் அமுக்குங்க, உள்ள மிச்சம் இருக்குற கரண்ட் போயிடும். மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ தூக்கிட்டு போங்க, வீட்டுக்குள்ள பண்ணா அம்மாகிட்ட வாங்கி கட்டிக்குவீங்க. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கங்க, காத்துல தாறுமாறா சுத்துனா பேரிங் போயிடும். ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுக்கும் நடுவுல கம்பளி மாதிரி தூசி படிஞ்சிருக்கும், மேல இருந்து பார்த்தா தெரியாது, ஃபேனை கழட்டுனாதான் தெரியும்.

பேஸ்ட் மாத்துறதா இருந்தா பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சுட்டு நடுவுல ஒரு பட்டாணி அளவு வைங்க, போதும். நாலு கால் கூலர்ல குறுக்கா குறுக்கா அமுக்கணும், ஒவ்வொண்ணும் டக்குனு சத்தம் வரணும், கால் மேல இருக்குற அம்புக்குறி கழட்டுறதுக்கான திசைங்கிறதை மறந்துடாதீங்க, மாட்டும்போது அதுக்கு எதிர் பக்கம் திருப்பி இருக்கணும். ஏஎம்டி பழைய ஏஎம்4 போர்டுக்காரங்க ரொம்ப கவனம், காஞ்ச பேஸ்ட் ஒட்டிக்கிட்டு கூலரை இழுத்தா பிராசஸரும் சாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டு வரும், பின் வளைஞ்சா அவ்வளவுதான். பத்து நிமிஷம் ஓட்டி சூடாக்கிட்டு ஆஃப் பண்ணி, கூலரை இடம் வலமா லேசா திருகி இளக்கிட்டு அப்புறம் தூக்குங்க.

ஸ்டெப் 6: எஸ்எம்பிஎஸ்

சும்மா இருந்தா நாள் பூரா ஓடும், கேம் ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷம் ஆஃப், சூடும் நார்மல். இதுதான் எஸ்எம்பிஎஸ்ஸோட கையெழுத்து. இன்னொரு அடையாளம், ஆஃப் ஆன பிறகு ஆன் பட்டனை என்ன அமுக்குனாலும் அசையாது, பவர் கார்டை பிடுங்கி ஒரு நிமிஷம் விட்டு மாட்டுனா ஓடும், அது உள்ள இருக்குற பாதுகாப்பு சர்க்யூட் பூட்டிக்கிட்டது.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல பெருசா 450ன்னு போட்டிருக்கறதை நம்பாதீங்க. கீழ சின்ன எழுத்துல 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு இருக்கும், அதை 12-ஆல பெருக்குங்க. 16 ஆம்பியர்னா 192 வாட், பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் முக்கியமா சாப்பிடுறது இதுல இருந்துதான். கிராஃபிக்ஸ் கார்டு மதர்போர்டு ஸ்லாட்ல இருந்தே 75 வாட் வரைக்கும் எடுக்கும், 6 பின் ஒயர் மாட்டுனா இன்னொரு 75, 8 பின்னா 150. கேபினட்டோட இலவசமா வந்த எஸ்எம்பிஎஸ்ஸை வெச்சுக்கிட்டு புது கார்டு வாங்கி மாட்டுனவங்க கணக்கை போட்டு பாருங்க, விடை தானா வந்துடும்.

மல்டிமீட்டர் இருந்தா, லோடு ஓடும்போது மஞ்சள் ஒயர் 11.4-ல இருந்து 12.6 வோல்ட்டுக்குள்ள, சிவப்பு 4.75-ல இருந்து 5.25-க்குள்ள இருக்கணும். பச்சை ஒயரையும் கருப்பையும் கம்பியால இணைச்சு ஃபேன் ஓடுதான்னு பார்க்குற டெஸ்ட் எல்லாருக்கும் தெரியும், ஆனா ஃபேன் ஓடுனா எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்குன்னு அர்த்தம் கிடையாது, லோடே இல்லாம சும்மா ஓடுது அவ்வளவுதான். என்னை கேட்டா நண்பர் வீட்டுல இருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணு கடன் வாங்கி ஒரு நாள் மாட்டிப் பார்க்குறதுதான் உருப்படியான டெஸ்ட்.

ஆனா அந்த டப்பாவை மட்டும் திறக்காதீங்க, பிளக்கை கழட்டுன பிறகும் உள்ள பெரிய கப்பாசிட்டர்ல உயிரை வாங்குற அளவுக்கு சார்ஜ் இருக்கும். பின்னாடி ஜாலி வழியா டார்ச் அடிச்சு பார்த்தா போதும், ஒரு தடவ பல்லி ஒண்ணு உள்ள போய் கருகி கிடந்ததை நான் அப்படித்தான் பார்த்தேன்.

ஸ்டெப் 7: மிச்சம் மீதி

மதர்போர்டுல உருளை மாதிரி நிக்குற கப்பாசிட்டர் தலை உப்பியிருக்கா, பழுப்பா ஏதாவது கசிஞ்சிருக்கான்னு ஒரு பார்வை. பெரிய 24 பின் ஒயரும், பிராசஸர் பக்கத்துல போற 4 இல்ல 8 பின் ஒயரும் முழுசா உட்கார்ந்திருக்கா, பின் ஏதாவது கருகியிருக்கான்னும் பாருங்க.

ரேமை கழட்டி தங்க கலர் பல்லை பென்சில் ரப்பரால லேசா தேய்ச்சு துடைச்சுட்டு மாட்டுங்க, ரெண்டு இருந்தா ஒவ்வொண்ணா போட்டு ஒரு நாள் ஓட்டுங்க. விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கு, ராத்திரி அதை ஓட விட்டுட்டு தூங்கலாம்.

ஆன் பண்ணி சரியா நாலஞ்சு செகண்ட்ல ஆஃப், ஒவ்வொரு தடவையும் அதே கணக்குனா பவர் பட்டன் உள்ள சிக்கியிருக்கு, பட்டனை நாலு செகண்ட் அமுக்கி பிடிச்சா கம்ப்யூட்டர் ஆஃப் ஆகும்ல, அதேதான் நடக்குது. மதர்போர்டுல பவர் சுவிட்ச் ஒயரை பிடுங்கிட்டு அந்த இடத்துல ரீசெட் சுவிட்ச் ஒயரை மாட்டுங்க, இனிமே ரீசெட் பட்டன்தான் உங்க ஆன் பட்டன், நான் ரெண்டு வருஷம் இப்படியே ஓட்டியிருக்கேன். யுஎஸ்பி ஓவர் கரண்ட், 15 செகண்ட்ல ஷட் டவுன்னு ஸ்கிரீன்ல வந்தா முன்னாடி யுஎஸ்பி ஓட்டைக்குள்ள பின் வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு தொடுதான்னு பாருங்க, அந்த ஒயரை போர்டுல இருந்து கழட்டி விட்டாலே தெரிஞ்சுடும்.

இதெல்லாம் பார்த்தும் நிக்கலன்னா மதர்போர்டுதான் மிச்சம், அதை வீட்ல பண்ண முடியாது. சென்னைக்காரங்க ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போர்டு சர்வீஸ் பண்றவங்க யாரையாவது பாருங்க, மத்த ஊர்லயும் போர்டு வேலை தெரிஞ்சவங்களா பார்த்து குடுங்க. குடுக்குறதுக்கு முன்னாடி ஹார்டு டிஸ்க்கை கழட்டி வீட்டுலயே வெச்சுடுங்க, அது இல்லாமலே பயாஸ்ல ஆஃப் ஆகுறதை அவங்களுக்கு காட்ட முடியும். மானிட்டர்ல ஒட்டி வெச்சிருந்த பேப்பரையும் கூட எடுத்துட்டு போங்க, மாத்துன பார்ட்டை திருப்பி வேணும்னு முதல்லயே சொல்லிடுங்க.